இடக்கன்னம்

தாம்வேயில் மின்சாரம் நள்ளிரவு ஒரு மணிக்கு வந்து
ஐந்துக்குப் போய்விடுகிறது.
அதற்குள் சோறு வேகவேண்டும், தண்ணீர் மாடிக்கு ஏறவேண்டும்,
மூன்று போன்கள் உயிர் பிடிக்கவேண்டும்.
சீனத்து ஷேவர் வரிசையில் கடைசி.
பாதிக் கன்னத்தில் அது செத்துப்போன காலையில்
முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு
உளுந்துக் கிடங்குக்குப் போனேன்.
பல்வலி என்றேன்.
கிராம்பு கொடுத்தார்கள்.

பழைய இரும்பு விற்கிறவனிடம்
பூட்டில்லாத சாவிகளுக்கு நடுவே
மடங்கிக் கிடந்தது சவரக்கத்தி.
பிடியில் யாரோ ஆணியால் கீறிய பர்மிய எழுத்து ஒன்று.
பன்னிரண்டாயிரம் என்றான், ஒன்பதுக்குத் தந்தான்.
துடைத்துப் பார்த்தால்
என் ஒரு கண் மட்டும் அதில் கொள்ளும்.

முதல் நாள் பெல்ட்டில் தீட்டினேன்.
பெல்ட் இரண்டாயிற்று.
இரண்டாம் நாள் பப்பாளிக்காய்க்கு நுரை பூசி வழித்தேன்.
பப்பாளிக்குத் தாடை எலும்பு இல்லை,
எச்சில் விழுங்காது,
அதனால் அது ஒன்றும் சொல்லித்தரவில்லை.

முகத்தில் வைத்தபிறகு தெரிந்தது இவ்வளவுதான்:
கத்தியைப் படுக்கவைத்து
முதுகை ஒரு பேனாக்கனம் தூக்கவேண்டும்.
கூடினால் அறுக்கும், குறைந்தால் இழுக்கும்.
கண்ணை நம்பாதே, சத்தத்தைக் கேள்.
சாக்கிலிருந்து தராசுத் தட்டில்
உளுந்து சரிகிற சத்தம் வந்தால் சரி.

வலக்கன்னம் மூன்று நாளில் வசப்பட்டது.

இடக்கன்னத்தில்தான் வம்பு.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்கள் உண்டு,
நான் மூக்கைச் சுற்றிக் கன்னத்தைத் தொட்டேன்.
மணிக்கட்டே குறுக்கே வந்து மறைத்தது.
காதடியில் ஒன்று, தாடை வளைவில் இரண்டு.
படிகாரத்தின் எரிச்சலோடு பேரேட்டில்
கூட்டல் தப்பாய்ப் போட்டேன்.

ஏழாம் நாள்
கத்தியை மாற்றிப் பிடித்தேன்,
பீச்சாங்கையில்.

அதற்குத் தெரிந்திருந்தது.

ஐந்து வயதில் சிலேட்டுக் குச்சி
அந்தக் கையில்தான் தானாகப் போய் உட்கார்ந்தது.
புடவைக் கிழிசலால் சுற்றிக் கட்டினார்கள்.
வேப்பெண்ணெய் தடவினார்கள்.
கோயில் பள்ளிக்கூடத்தில் முட்டியில் பிரம்பு.
தையில் தொடங்கி ஆடிக்குள்
எல்லாரையும்போல் சோற்றுக்கையால் எழுதினேன்.
பிறகு அதற்கு வாய்த்த வேலைகள்
கழுவுவது, கொசு அடிப்பது,
யாருக்கும் எதையும் நீட்டும்போது
இந்த ஊர் மரியாதைப்படி
வலது முழங்கையைத் தாங்கி நிற்பது.
நாற்பது வருஷம் தாங்கியே நின்றது.

இப்போது காதடியில் ஆரம்பித்து
தாடை வளைவைத் தட்டாமல் இறங்கி
உளுந்து சரிந்தது,
ஒரே இழுப்பில்.
கண்ணாடியில் நிற்கிறவனுக்கு அது வலக்கை.
அவனை யாரும் கட்டிப்போட்டதில்லை.

வெள்ளையம்மா
(அடையாள அட்டையில் டோ தின் தின் வின்)
தனாக்கா அரைத்த ஈர விரலால்
முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"இந்தப் பக்கம் யார் சிரைச்சது?"
"நான்தான்."
"அப்ப அந்தப் பக்கம்?"

அதுவும் நான்தான் என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கிடங்கில் சாப்பாட்டு வேளை, யாருமில்லை.
பேனாவை அந்தக் கைக்குக் கொடுத்துப் பார்த்தேன்.
உளுந்து என்று எழுதியது,
ஐந்து வயதுக் கையெழுத்தில்,
முதல் உ எதிர்ப்பக்கம் பார்த்தபடி.
அந்தத் தாளைக் கிழித்து மடித்து
லுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

கன்னங்கள் இப்போது ஆளுக்கொன்று.
மோவாயைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், குறுக்கே ஒரு கோடு.
மூக்குக்குக் கீழே உள்ள இடம்தான்
யாருக்கென்று முடிவாகவில்லை.
மீசை வளர்கிறது.